பாடும் பலகைகள்

வீட்டுக் கூடத்தில் இரண்டு பலகைகள் நிற்கின்றன. ஆள் உயரம், கதவு அகலம். கனம் மட்டும் இரண்டே அங்குலம். முதல் முறையாக அந்த வீட்டுக்கு வருகிறவர், கூடத்தை மறைக்க வைத்த தட்டி என்றே நினைக்கிறார். வீட்டுக்காரர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். இரண்டு பலகைகளுக்கும் நடுவே, ஒரு சாமானும் இல்லாத வெற்றிடத்தில், ஒரு பெண் நின்று பாடத் தொடங்குகிறாள்!

வந்தவர் எழுந்துபோய்ப் பலகையின் பின்புறம் எட்டிப் பார்க்கிறார். பெட்டி இல்லை. கூம்பு இல்லை. முன்பக்கம் கேட்ட பாட்டு பின்பக்கமும் அப்படியே கேட்கிறது.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சங்கீதப் பித்துப் பிடித்த வீடுகளில் இந்தக் காட்சியை இன்றும் காணலாம். பலகை ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் அதைப்பற்றிப் பேசும்போது, சொந்த ஊர்த் தேரைப்பற்றிப் பேசுகிறவர்களைப் போல் ஆகிவிடுகிறார்கள். வேறு எந்த ஸ்பீக்கரும் அவர்கள் காதுக்கு ஏறுவதில்லை. பெட்டி ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களோ, பணத்தைக் கொட்டித் தொல்லையை விலைக்கு வாங்குகிறார்கள் என்று கேலி செய்கிறார்கள். இரண்டு தரப்பிலும் உண்மை உண்டு. ஆனால் வாங்கப் போகிறவர் காதில் விழுவது பெரும்பாலும் முதல் தரப்பின் பேச்சு மட்டுமே. உயர்ந்த ரகங்களின் விலை ஒரு மோட்டார் காரின் விலையை எட்டுகிறது. பணமும் கூடமும் அவர் ஒருவருக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. ஆகவே, இந்தப் பலகைகளை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி வெறும் ரசிகர் சண்டை என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று.

ஹண்டிங்டனில் பிறந்த அதிசயம்

ஒலிபெருக்கி என்றதும் நினைவுக்கு வருகிற கூம்பு, 1925-ம் ஆண்டில் உருவம் பெற்றது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியியலாளர்கள் பலவித முறைகளைச் சோதித்துப் பார்த்துவிட்டு, கம்பிச் சுருளால் கூம்பை அசைக்கும் முறையே நல்லது என்று முடிவு கட்டினார்கள். நூறு ஆண்டாகியும் உலகத்தில் உள்ள ஸ்பீக்கர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த வழியில்தான் வேலை செய்கின்றன.

அதில் ஒரு குறை உண்டு. கம்பிச் சுருள் கூம்பின் கழுத்தைத்தான் தள்ளுகிறது. கழுத்து தள்ளப்பட்டவுடன் விளிம்பும் அதே கணத்தில் நகரவேண்டும். விரித்த பாயின் நடுவில் விரலால் தள்ளினால் என்ன ஆகிறது? நடுப்பகுதி நகர்கிறது, ஓரம் நெளிகிறது. வேகமான மேல் ஸ்தாயி ஒலிகளில் கூம்பும் அப்படித்தான் நெளிகிறது. போதாக்குறைக்கு, கூம்பை வைத்திருக்கும் மரப்பெட்டியும் தன் பங்குக்கு முனகுகிறது. பாடுகிறவர் பாட்டோடு பெட்டியின் பாட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டியதாகிறது.

கூம்பையும் பெட்டியையும் அடியோடு ஒழித்தால் என்ன என்று யோசித்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர், இங்கிலாந்தின் பீட்டர் வாக்கர். 1936-ல் லண்டனில் ஒலிக்கருவித் தொழிலைத் தொடங்கியவர். யுத்த காலத்தில், 1941-ல், தொழிற்சாலை ஹண்டிங்டன் என்ற சிறிய ஊருக்குக் குடிபெயர்ந்தது. குவாட் என்ற பெயரில் அவர் செய்த ஆம்பிளிஃபயர்கள் முன்பே பேர் வாங்கியிருந்தன. நிலை மின்சாரத்தைக் கொண்டு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டையே பாட வைக்கும் முறையைப்பற்றி 1955-ல் ‘வயர்லெஸ் வோர்ல்ட்’ பத்திரிகையில் கட்டுரைகள் எழுதினார். 1957-ல் அந்த ஸ்பீக்கர் கடைக்கு வந்தது. 1985 வரை ஏறத்தாழ மாறாமல் செய்யப்பட்டது. ஒலிக்கருவி உலகத்தில் ஒரு சாமான் 28 ஆண்டுகள் விலை போவது சாதாரண விஷயமல்ல.

அது வேலை செய்யும் விதம் கேட்கச் சுவையானது. துளைகள் நிறைந்த இரண்டு தகடுகள். இரண்டுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய மெல்லிய ஏடு. அந்த ஏட்டில் பல ஆயிரம் வோல்ட் மின்னேற்றம் எப்போதும் நிற்கிறது. ஆம்பிளிஃபயரிலிருந்து வரும் பாட்டு தகடுகளுக்குப் போகிறது. ஒரு தகடு ஏட்டை இழுக்கும்போது மற்றொன்று தள்ளுகிறது. ஏட்டின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே சமயத்தில், ஒரே அளவு பலத்தோடு நகர்கிறது. கழுத்துமில்லை, விளிம்புமில்லை.

ஏடு எவ்வளவு மெல்லியது? ஒரு மில்லிமீட்டரை எண்பது பங்காக்கினால் ஒரு பங்கு. மேல் ஸ்தாயிப் பகுதியில் இன்னும் மெலிவு. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த ஏட்டின் எடையும் அதன் முன்னே சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு நிற்கும் காற்றின் எடையும் ஏறத்தாழ ஒன்றுதான்! காற்றே அசைவதுபோல அது அசைவதில் என்ன வியப்பு? வீணையின் தந்தி மீட்டப்படும் அந்தக் கணத்தையும், பாடுகிறவர் மூச்சு எடுக்கும் ஓசையையும், வயலினில் வில் திரும்பும் உராய்வையும் இந்தப் பலகை எடுத்துச் சொல்கிற சுத்தத்துக்கு, பலமடங்கு விலையுள்ள கூம்புகளும் பல சமயம் ஈடு கொடுப்பதில்லை. பலகைக்காரர்கள் பேசும் பெருமையில் இந்தப் பகுதி முழுக்க முழுக்க நியாயமானது.

பலகை கேட்கும் வரி

ஆனால் அந்தச் சுத்தத்துக்குப் பலகை வரி வசூலிக்கிறது. கடைக்காரர் இந்தப் பகுதியை மெல்லிய குரலில் சொல்வார், அல்லது சொல்லவே மாட்டார்.

வாக்கரின் 1957-ம் வருஷப் பலகையில் கீழ் ஸ்தாயிப் பகுதிக்கு 6,000 வோல்ட், மேல் ஸ்தாயிப் பகுதிக்கு 1,500 வோல்ட். இதற்காக ஒவ்வொரு பலகைக்கும் சுவரிலிருந்து தனி மின்சார இணைப்பு வேண்டும். மின்னேற்றம் நிற்கும் இடத்தில் தூசி வந்து ஒட்டத் துடிக்கும். அதனால் முன்னும் பின்னும் இன்னொரு மெல்லிய உறை. ஈரக் காற்று அதிகமான இடத்தில் மின்னேற்றம் கசியும், சத்தம் குறையும், சில சமயம் வறுகடலைச் சட்டி போலப் பொரியும். அளவுக்கு மீறிய சக்தியை ஏற்றினால் ஏட்டில் பொறி பாய்ந்து ஓட்டை விழுந்துவிடும். அந்தக் காலத்துக் குவாட் ஆம்பிளிஃபயர் 15 வாட்தான். அந்தப் பலகைக்கு அது பொருத்தமான ஜோடி. பின்னால் வந்த ராட்சச ஆம்பிளிஃபயர்களைத் தெரியாமல் இணைத்து ஏட்டைப் பொசுக்கியவர்கள் அநேகர்.

கீழ் ஸ்தாயி இன்னொரு சங்கடம். பெட்டி இல்லாததால், பலகையின் முன்னே கிளம்பும் அலையும் பின்னே கிளம்பும் அலையும் ஓரங்களைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மேல் ஸ்தாயியில் இது பெரிய குறையாகாது. 40 அதிர்வுள்ள ஆழ்ந்த ஒலியின் அலைநீளமோ சுமார் 28 அடி! மூன்றடிப் பலகை அதற்கு எந்த மூலைக்கு? தவிலும் பெரிய ஆர்கனும் பலகையில் கேட்கும். ஆனால் வயிற்றில் மோதாது. சினிமாவின் வெடிச்சத்தத்துக்காக ஸ்பீக்கர் வாங்குகிறவர் இந்தக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

மூன்றாவது விஷயம்தான் குடும்பத்தைத் தொடுகிறது. 10,000 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. அதைவிடப் பல மடங்கு அகலமான பரப்பிலிருந்து புறப்படும்போது, அந்த ஒலி டார்ச் விளக்கின் வெளிச்சம்போல நேராகப் போகிறது. சரியான இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்குச் சொர்க்கம். இரண்டடி தள்ளி உட்கார்ந்த மனைவிக்குப் பாட்டின் பாதி மினுக்கு போய்விடும். நின்றுகொண்டு கேட்கிற பிள்ளைக்கு அதுவும் இல்லை. கூடத்தில் நாலு பேர் இருந்தாலும் கச்சேரி ஒருவருக்குத்தான்!

வாக்கர் இதை அறியாதவரல்ல. 1963-ல் இந்தக் குறையை நீக்கும் வேலையைத் தொடங்கினார். குளத்தில் கல் விழுந்தால் வட்ட வட்டமாக அலை விரிகிறதல்லவா? அதைப்போலத் தகட்டை வளையங்களாகப் பிரித்து, நடுவளையத்துக்கு முதலிலும் அடுத்தடுத்த வளையங்களுக்குச் சற்றுத் தாமதித்தும் பாட்டை அனுப்பினார். பலகைக்கு ஓரடி பின்னால் ஒரு புள்ளியிலிருந்து ஒலி பிறப்பதுபோல் காதுக்குத் தோன்றும். யோசனை பிறந்தது 1963-ல். பெயரிலும் ‘63’ உண்டு. கடைக்கு வந்தது 1981-ல்! ஒரு குழந்தை பிறந்து கல்லூரியில் சேரும் காலத்தை ஒரு ஸ்பீக்கருக்குச் செலவிட்டார் அந்த மனிதர். கணக்கப்பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு நடக்கும் இன்றைய கம்பெனிகளில் இது நடக்கிற காரியமா? பீட்டர் வாக்கர் 2003-ல் காலமானார். குவாட் இப்போது வேறு கையில் இருக்கிறது. வளைய முறைப் பலகைகள் அந்தப் பெயரிலேயே தொடர்ந்து வருகின்றன.

காந்தத்தால் ஒரு மாற்று

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ஒயிட் பேர் லேக் என்ற ஊரில் வேறொரு பாதை பிறந்தது. த்ரீ-எம் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த ஜிம் வைனி, நிலை மின்சாரத்துக்குப் பதிலாகக் காந்தத்தை வைத்து ஏட்டை ஆட்டலாம் என்று கண்டார். பட்டையான காந்தங்களை வரிசையாக ஒட்டிய துளைத் தகடு. அதன்முன் மைலார் ஏடு. ஏட்டின்மேல் ஒட்டிய கம்பி. கம்பியில் பாட்டு ஓடினால் ஏடு ஆடும். 1969-ல் மாக்னபான் நிறுவனம் தொடங்கியது. இன்றும் அதே ஊரில் நடக்கிறது.

இதற்குச் சுவரில் செருக வேண்டியதில்லை. பல ஆயிரம் வோல்ட் பயமில்லை. ஏட்டின் மேல் கம்பி இருப்பதால் நிலை மின்சார ஏட்டின் மென்மை முழுதும் வாய்க்காது. ஆனாலும் அந்தப் பெட்டியில்லாச் சுகம் உண்டு. விலையும் கைக்கு எட்டும். 2019-ல் வந்த மிகச் சிறிய ரகம் அப்போது ஜோடி 650 டாலருக்கு விற்றது. பெரிய ரகங்களில் ஒன்று ஆறரை அடி உயரம், இரண்டடி ஐந்தங்குல அகலம். அதை ஸ்பீக்கர் என்பதைவிட நிலைக்கதவு என்பதே பொருத்தம். எல்லா ரகத்துக்கும் பொதுவான பசி ஒன்று உண்டு. சாதாரணப் பெட்டி ஸ்பீக்கருக்குத் தேவைப்படும் சக்தியைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் இவை கேட்கின்றன. 650 டாலருக்குப் பலகை வாங்கியவர், அதை ஓட்ட அதைவிட அதிக விலையுள்ள ஆம்பிளிஃபயரைத் தேடிப் போவதுண்டு. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கடன் வாங்குகிற கதைதான்!

கன்சாஸ் மாநிலத்து மார்ட்டின்லோகன் கம்பெனிக்காரர்கள் சமரசம் செய்துகொண்டார்கள். ஏட்டை வில்போல் வளைத்து ஒலியை இருபுறமும் பரப்பி, கீழ் ஸ்தாயியைக் கூம்புப் பெட்டியிடம் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வசதியான ஏற்பாடு. ஏட்டின் விறுவிறுப்பும் கூம்பின் நிதானமும் ஒட்டுகிற இடம் சில ரகங்களில் காதுக்குத் தெரிகிறது.

மாசசூசெட்ஸ் மாநிலத்து அப்போஜியின் கதை வேறு. 1980-களில் அவர்கள் செய்த நெளிநெளியான அலுமினிய ரிப்பன் பலகைகளுக்கு உலகமெங்கும் புகழ். சிண்டில்லா என்ற ரகத்தின் மின்தடை ஒரே ஓம்! சாதாரண ஸ்பீக்கருக்கு எட்டு ஓம் என்றால் இதன் கொடுமை புரியும். ஆம்பிளிஃபயர்கள் சூடேறித் திணறின. 1999-ல் கம்பெனியும் மூடப்பட்டது. பெரிய தொகை கொடுத்து வாங்கியவர்கள் ரிப்பன் தளர்ந்தபோது யாரிடம் போவது என்று தெரியாமல் விழித்தார்கள். பிற்காலத்தில் ஆர்வலர்கள் சிலர் ரிப்பன் செய்யக் கற்றுக்கொண்டதால் அந்தப் பலகைகள் பிழைத்தன. உயர்ந்த ரகம் வாங்குகிறவர் ஒலியைக் கேட்பதற்கு முன்பே பழுது பார்ப்பவர் யார் என்று கேட்கவேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

திரைக்குப் பின்னால் கேட்டால்

இனி மதிப்பிடும் விஷயம். பத்திரிகைகளில் நிபுணர்கள் எழுதும் மதிப்புரைகளை நம்பலாமா? பெரும்பாலான நிபுணர்களுக்குப் பலகை சில வாரத்துக்கு இரவலாக வருகிறது. தனி அறை இருக்கிறது. எழுதி முடித்ததும் பலகை திரும்பிப் போய்விடுகிறது. பத்தாவது வருஷத்தில் ஏடு தொய்வதையோ, பசை விட்டுக் கம்பி அதிர்வதையோ, கூடத்தில் கல்யாணப் பேச்சுக்கு வந்த சம்பந்தி அதன்மேல் சாய்வதையோ அவர்கள் பார்ப்பதில்லை. அவர்கள் பொய் சொல்வதாக அர்த்தமல்ல. அவர்கள் கேட்டது வேறு, வாங்குகிறவர் அனுபவிக்கப்போவது வேறு.

கனடாவில் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் பணிபுரிந்த ஃபிளாய்ட் டூல், இந்தக் குழப்பத்துக்கு வேறு வழி கண்டார். ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தார். விலையோ பெயரோ தெரியாமல் கேட்டவர்களை மதிப்பெண் போடச் சொன்னார். 1980-களில் அவர் நடத்திய சோதனைகளில் வாக்கரின் ‘63’ பலகையும் இருந்தது. ஜோடியாக இரண்டு பலகைகளையும் சேர்த்துக் கேட்டபோது அது மற்றவற்றுக்குச் சமமாகவே நின்றது. ஒற்றைப் பலகையை மட்டும் கேட்டபோது மதிப்பெண் தாழ்ந்துவிட்டது!

இந்த முடிவைக் கேட்டு பலகைக்காரர்கள் பொருமுவதுண்டு. ஒற்றைச் செருப்பைப் போட்டு நடந்துவிட்டுச் செருப்பைக் குறைசொல்வதா என்பது அவர்கள் வாதம். யாரும் வீட்டில் ஒரு பலகையை மட்டும் வைத்துக் கேட்பதில்லை என்பதும் உண்மைதான். ஆயினும் டூலின் சோதனையை ஒதுக்கிவிட முடியாது. இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து பாடும்போது காது அகலத்திலும் ஆழத்திலும் மயங்கி, சின்னச் சின்னக் குறைகளை மன்னித்துவிடுகிறது. ஒன்றை மட்டும் கேட்கும்போது அந்த மயக்கம் இல்லை. நேராகப் போகும் ஒலிக்கும் அறைச் சுவர்களில் பட்டு வரும் ஒலிக்கும் உள்ள பொருத்தம் அம்பலமாகிவிடுகிறது. பலகை பக்கவாட்டில் குறைவாகவும் பின்புறம் நிறையவும் ஒலியை அனுப்புகிற சாதனம். அதற்கு அறையும் ஒரு பாதி என்பதே அந்த மதிப்பெண்ணின் பொருள். டூல் கேட்டவர்களும் பொய் சொல்லவில்லை. முப்பது வருஷம் அதே பலகையோடு வாழ்ந்த ஹண்டிங்டன் பக்தரும் பொய் சொல்லவில்லை. பக்தர் தன் அறையைப் பலகைக்காக மாற்றிவிட்டார், அவ்வளவுதான்.

இன்னொரு சோதனை இதைவிடச் சுவாரசியமானது. டூலும் ஷான் ஆலிவ் என்பவரும் 1994-ல் அமெரிக்காவில் ஹார்மன் நிறுவனத்தில் பணிபுரிந்தபோது, அந்த நிறுவன ஊழியர்கள் 40 பேரைக் கொண்டு நடத்தியது. அதே ஸ்பீக்கர்கள், அதே பாட்டுகள். ஒருமுறை திரைக்குப் பின்னால். ஒருமுறை கண்ணுக்கு எதிரே. கண்ணால் பார்த்தபோது, பெரிதாகவும் அழகாகவும் இருந்தவை மதிப்பெண்ணைத் தட்டிக்கொண்டு போயின. ஸ்பீக்கரை இடம் மாற்றி வைத்ததால் ஒலியில் உண்டான வித்தியாசம்கூட, பார்த்துக்கொண்டே கேட்டவர்களுக்குச் சரியாகப் படவில்லை. ஸ்பீக்கர் தொழிலிலேயே இருப்பவர்கள் கதி இது!

ஆறடி உயரத்தில் மேடைத் திரைபோல நிற்கும் சாமானைப் பார்த்தவுடன் கண் என்ன சொல்லும்? “இதிலிருந்து வருவது சாதாரண ஒலியாக இருக்க முடியாது” என்று சொல்லும். காதும் தலையாட்டிவிடும். பலகை ஸ்பீக்கரை மதிப்பிடுவதில் மற்ற எதையும்விட இந்தக் கண்தான் பெரிய எதிரி.

இதனால்தான், வாங்க நினைப்பவர் விஷயம் தெரிந்த நண்பரை அழைத்துக்கொண்டு போவதைவிட, விலை தெரியாத வீட்டாரை அழைத்துக்கொண்டு போவது நல்லது. நண்பர் முன்பே நாலு மதிப்புரை படித்திருப்பார். தாயாருக்கோ தங்கைக்கோ அந்தச் சுமை இல்லை. “குரல் மூக்கால் பாடுகிறமாதிரி இருக்கிறதே” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்.

கடையில் வாசிக்கும் தட்டுகளைக் கேட்டு மயங்கவேண்டாம். அநேகமாக அவை ஒரு பெண் குரலும் ஒரு கிட்டாரும்தான். பலகையில் அது நன்றாக இல்லாமல் போனால்தான் ஆச்சரியம். வீட்டில் தினம் கேட்பது எதுவோ அதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பழைய, கரகரப்பான பதிவும் அதில் ஒன்று இருக்கட்டும். பலகை எதையும் மறைக்காது. பாதிக்குமேல் பழைய பாட்டுக் கேட்கிற வீட்டில் இந்த உண்மை பேசும் குணமே தலைவலியாகலாம். உட்கார்ந்து கேட்டபின் எழுந்து நின்று கேட்கவேண்டும். பக்கத்து நாற்காலியிலும் கேட்கவேண்டும். ஒலியை நன்றாகத் தணித்து, ராத்திரி பிள்ளைகள் தூங்கும்போது கேட்கிற அளவில் கேட்கவேண்டும். இந்தத் தணிந்த நிலையில்தான் நிலை மின்சாரப் பலகை தன் கீர்த்தியைக் காட்டும். கூம்புகள் பல சோம்பிவிடும்போது இது சொற்களை விழுங்காமல் பாடும். முதல் பத்து நிமிஷத்தில் வாய் பிளக்க வைத்தது, இரண்டாம் மணியில் காதை அசதிப்படுத்துகிறதா என்றும் பார்க்கவேண்டும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் அதுவே பாதி பதில்.

கூடம் யாருக்கு?

எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்படுவதற்கு முன் கையில் நாடாவை எடுத்துக் கூடத்தை அளப்பது அவசியம்.

பலகை பின்பக்கமும் பாடுகிறது என்று கண்டோம். பின்சுவரோடு ஒட்டி வைத்தால் அந்த ஒலி உடனே திரும்பிவந்து முன்பக்கத்து ஒலியைக் குழப்பிவிடும். சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைத்தால் அது சுமார் ஆறு மில்லி விநாடி பிந்தி வரும். அந்தப் பிந்தல்தான் மேடையின் ஆழம்போலக் காதுக்குத் தோன்றும் இன்பத்துக்கு ஒரு காரணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 12 அடி நீளக் கூடத்தில் பின்சுவரிலிருந்து நான்கு அடி தள்ளிப் பலகை. அதற்கு முன்னே எட்டு அடி தள்ளி நாற்காலி. தீர்ந்தது! நாற்காலியின் முதுகு எதிர்ச்சுவரில் இடிக்கிறது. விருந்தாளி உட்காரும் சோபா எங்கே? குழந்தை எழுதும் மேஜை எங்கே? ஒவ்வொரு தடவையும் கேட்டு முடித்ததும் பலகைகளைச் சுவரோரம் நகர்த்திவிடலாம் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்தவர்கள், இரண்டு மாதத்தில் அதை மறந்துவிடுகிறார்கள்.

சிலருக்கு இது அற்பமாகத் தோன்றலாம். அற்பமல்ல. ஒருவர் மட்டும் ஒரே நாற்காலியில் கேட்பதற்காக நாலு பேர் புழங்கும் இடத்தை எடுத்துக்கொள்வது நியாயமா என்ற கேள்வி, ஒலியின் சுத்தத்தைவிடப் பெரியது. பாட்டை வீடே சேர்ந்து கேட்கும் குடும்பத்துக்கு நல்ல பெட்டி ஸ்பீக்கர் போதும். மிச்சப் பணத்துக்குப் பாட்டுக் கச்சேரிக்கே சீட்டு வாங்கலாம். தனி அறை உள்ளவர், குரலும் தந்தியும் விரும்புகிறவர், வேலை முடிந்த ராத்திரியில் தனியே உட்கார்ந்து கேட்கிறவர்: இவர் பலகை வாங்காமல் இருந்தால் அதுதான் தவறு. அவரும் பெரிய ரகத்தில் தொடங்கவேண்டிய அவசியமில்லை. சிறிய அறையில் நிற்கும் பெரிய பலகையைவிட, அதே அறையில் நிற்கும் சிறிய பலகை நன்றாகப் பாடுவதைப் பல வீடுகளில் கேட்கலாம்.

வீட்டில் பூனை இருந்தால் துணி போர்த்த பலகைகளை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கவேண்டும். நகத்தைத் தீட்டிக்கொள்ள அதைவிட வாகான சாமான் பூனைக்கு உலகத்தில் இல்லை!

பழையதை வாங்கலாமா?

பணம் குறைவாக உள்ளவர் கண்கள் பழைய பலகைகளின்மேல் செல்வது இயல்பு. வாக்கரின் 1957 ரகப் பலகைகள் பல இன்றும் பாடுகின்றன. ஏட்டைப் புதிதாக இழுத்துக் கட்டித் தருகிற வல்லுநர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். அரை நூற்றாண்டு தாண்டிய சாமானைப் புதிதாக்க முடிகிறது என்பது, மூன்று வருஷத்தில் குப்பைக்குப் போகும் இன்றைய கருவிகளுக்கு நடுவே மனதுக்கு நிம்மதி தரும் செய்திதான். ஆனால் புதுப்பிக்காத பழைய பலகையை மலிவு என்று வாங்குவது, ஓடாத காரை மலிவு என்று வாங்குவதற்குச் சமம். மின்னேற்றம் தரும் பகுதி வயதாகித் தளர்ந்திருக்கும். ஏட்டின் மேற்பூச்சு தேய்ந்திருக்கும். பழைய மாக்னபான் பலகைகளில் பசை விட்டுப்போய்க் கம்பி அதிர்கிறதா என்று, கீழ் ஸ்தாயிப் பாட்டை வைத்துக் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்கவேண்டும்.

நிலை மின்சாரப் பலகையை வீட்டில் தாமே திறந்து பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. செருகியைப் பிடுங்கியபின்னும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

பார்க்கப் போகிறவர், முதல்நாளே பலகைகளைச் சுவரில் செருகி வைத்திருக்கும்படி விற்கிறவரிடம் சொல்லிவிட வேண்டும். பழைய பலகைக்கு மின்னேற்றம் முழுதாக ஏற நேரம் பிடிக்கும். ஏறியபிறகும் ஒரு பக்கம் ஓங்கி மறுபக்கம் தணிந்து பாடினாலோ, பாட்டு இல்லாதபோதும் உள்ளே பொரிகிற ஓசை கேட்டாலோ, புதுப்பிக்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியதுதான். “இப்போதுதான் செருகினேன், போகப்போகச் சரியாகிவிடும்” என்று அவர் சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம். மறுநாள் வந்து கேட்பதாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.